சுற்றுலா முடிந்தபின் நான்கு நாட்கள்: ஜப்பானில் நம்மவர் விட்டுச் சென்ற தடங்கள்



அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு ஜப்பான் புதிய பெயரன்று. பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனமொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஜப்பானிய உற்பத்தி முறைகளைப் பட்டறையில் கற்ற தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் பெற்றோரை அழைத்துக்கொண்டு டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, ஒசாக்கா என்று குழுச் சுற்றுலா செல்கின்றனர்.

அப்படிப் புறப்படவிருக்கும் உறவினர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “குழுவோடு திரும்பாமல் நான்கு நாள் கூடுதலாகத் தங்கினால் எங்கே போகலாம், மச்சான்? எல்லாரும் பார்ப்பதைத்தான் குழுவிலேயே பார்த்துவிடுவோமே!” இக்கட்டுரை அக்கேள்விக்கு நான் அளித்த விடை.

பூந்தமல்லியிலிருந்தே தொடங்குவோம். அங்குள்ள பழைய பள்ளிவாசல், கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் ஆட்சியில், 1653இல், பாரசீகத்தின் அஸ்தராபாத்தைப் பூர்விகமாகக் கொண்ட ருஸ்தம் என்பவரால் கட்டப்பட்டது. எங்கிருந்தோ வந்தவர் எழுப்பிய கட்டடத்தில் இன்று நாம் தொழுகிறோம். நம் நாட்டவர் தொலைதூர மண்ணில் அவ்வாறு ஒரு பள்ளியை எழுப்பியதுண்டா? உண்டு. அது கோபேயில் இருக்கிறது.

முதல் நாள்: கோபே

ஒசாக்காவிலிருந்து இரயிலில் அரைமணி நேரத் தொலைவில் உள்ள துறைமுக நகரம் கோபே. 1868இல் அத்துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கம் யோகோஹாமாவைச் சிதைத்தபின், அங்கிருந்த வெளிநாட்டு வணிகர் பலர் கோபேக்குக் குடிபெயர்ந்தனர். இந்திய முஸ்லிம் வணிகர்களும் அங்கு இருந்தனர். ரஷ்யப் புரட்சிக்குப்பின் நாடிழந்து வந்த தாத்தாரிய அகதிகளும் இருந்தனர். ஒரு சாரார் கையில் பொருள் இருந்தது. மறுசாராரிடம் திரும்பிச் செல்ல ஊரே இல்லை. இரு சாராரும் ஒரே வரிசையில் நின்று தொழுவதற்காக நிதி திரட்டினர். 1935இல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் யோசஃப் ஷ்வாகர் வரைந்தார். ஜப்பானின் தக்கேனாக்கா நிறுவனம் கட்டியது.

இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியக் கடற்படை இப்பள்ளியைக் கையகப்படுத்தியது. 1945இல் குண்டுவீச்சால் நகரின் பெரும்பகுதி சாம்பலானபோது பள்ளி நின்றது. 1995 ஜனவரி 17 அன்று 6,400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கத்திலும் அது நின்றது. ஜப்பானில் இன்று நிலைத்திருக்கும் பள்ளிவாசல்களில் இதுவே பழைமையானது. அதைக் கட்டிய வணிகர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் செய்த வணிகமும் இன்றில்லை. அவர்கள் அல்லாஹ்வின் பொருட்டுக் கொடுத்தது மட்டும் எஞ்சி நிற்கிறது.

இரண்டாம் நாள்: குஷிமோத்தோ

ஒசாக்காவிலிருந்து தெற்கே மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட இரயில் பயணம். உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், ஜப்பானியப் பேரரசருக்குப் பரிசுகளுடன் எர்துக்ருல் என்னும் கப்பலை 1889இல் அனுப்பினார். பணி முடிந்து திரும்புகையில், 1890 செப்டம்பர் 16 இரவு, அது சூறாவளியில் சிக்கி இவ்வூரை அடுத்த தீவின் பாறைகளில் மோதியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 69 பேர் பிழைத்தனர்.

மொழியும் சமயமும் அறியாத அம்மனிதர்களைத் தீவின் ஏழை மீனவர்கள் தம் வீடுகளுக்குச் சுமந்து சென்றனர். தமக்கென வைத்திருந்த உணவையும் உடையையும் கொடுத்தனர். பிழைத்தவர்களை ஜப்பானின் இரு போர்க்கப்பல்கள் இஸ்தான்புல்லில் கொண்டு சேர்த்தன. இறந்தோர் அத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுக்கான நினைவிடத்தின் அருகே ஓர் அருங்காட்சியகமும் உள்ளது.

1985இல் ஈரான்-ஈராக் போரின்போது தெஹ்ரானில் ஜப்பானியர் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் சிக்கிக்கொண்டனர். அவர்களை மீட்டு வந்தவை துருக்கி விமானங்கள். தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்தும் அந்த உதவி மறக்கப்படவில்லை.

மூன்றாம் நாள்: தோபா

இவ்வூர் கீழக்கரை, காயல்பட்டினம் பூர்விகத்தாருக்கு மட்டுமேனும் ஒரு கணம் நெஞ்சைத் தொடும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களில் நம் முன்னோரும் இருந்தனர். முத்து வணிகம் செய்த மரக்காயர் குடும்பங்களும் பல. தோபாவில் மிக்கிமோத்தோ கோக்கிச்சி 1893இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுப்பதில் வெற்றி கண்டார். 1920களில் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்தது. அதனுடன் 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தமும் சேர, குவைத், பஹ்ரைன் கரைகளில் முத்துக்குளித்து வாழ்ந்தோரின் வாழ்வாதாரம் சரிந்தது. மன்னார் வளைகுடாவிலோ சிப்பி வளம் முன்பே நிலையற்றிருந்தது.

1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. பின்னாளில் நம் தந்தையரும் தமையன்மாரும் பிழைப்புத் தேடிச் சென்றது அந்த வளைகுடா நாடுகளுக்கே. ஒரு வாயில் அடைபட்டால் மற்றொன்றைத் திறப்பவன் இறைவன். தோபாவின் முத்துத் தீவில் வெண்ணிற உடையணிந்த பெண்கள் கடலில் மூழ்கிக் காட்டுவதைக் காணும்போது, இந்த நீண்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நான்காம் நாள்: டோக்கியோ

போபாலைச் சேர்ந்த மௌலவி பரக்கத்துல்லாஹ் 1909இல் டோக்கியோ வந்து இந்துஸ்தானி மொழி கற்பித்தார். இதழ் நடத்தி ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தார். 1914இல் பணியிழந்து ஜப்பானை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டே காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் பிரதமரானார். 1927இல் அமெரிக்க மண்ணில் மறைந்தார். விடுதலையைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

தாத்தாரிய அகதிகள் முயன்று எழுப்பிய டோக்கியோ பள்ளிவாசல் 1938இல் திறக்கப்பட்டது. பழுதடைந்ததால் 1986இல் இடிக்கப்பட்டு, துருக்கியரின் உதவியுடன் 2000இல் மீண்டும் எழுந்தது. யோயோகி-உவேஹரா நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம்.

புறப்படுமுன்

கூடுதல் நாட்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். குழுப் பயணச்சீட்டின் திரும்பும் தேதியைப் பின்னர் மாற்றுவது கடினம். விசா விண்ணப்பத்துடன் கொடுக்கும் நாள்வாரிப் பயணத் திட்டத்தில் இந்நான்கு நாட்களும் தங்குமிடங்களும் இடம்பெற வேண்டும். சுற்றுலா ஒசாக்காவில் முடிந்து, ஊர் திரும்பும் விமானம் டோக்கியோவிலிருந்து என்றால் மேற்சொன்ன வரிசை பொருந்தும். முதியோர் உடன் வந்தால் நெடிய இரயில் பயணத்தைத் தவிர்த்து, குஷிமோத்தோவை விட்டுவிட்டுக் கோபேயில் இரு நாள் தங்கலாம்.

உணவில் கவனம் தேவை. இறைச்சி இல்லாத பண்டத்திலும் ‘மிரின்’ என்னும் அரிசி மது கலந்திருக்கலாம்; நூடுல்ஸ் சாறு பன்றி எலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம்.

தொழுகையைப் பற்றியும் வீட்டில் கேள்வி எழும். ஒரே ஊரில் வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினால் ஷாஃபிஈ மத்ஹபில் சுருக்கித் தொழும் சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் அவ்வெல்லை பதினைந்து நாட்கள். நம் திட்டத்தில் ஊர்தோறும் ஓரிரு நாட்களே என்பதால் இரு மத்ஹபினரும் கஸ்ர் தொழலாம். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது மட்டும் முழுமையாகத் தொழ வேண்டும். ஐயமிருப்பின் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிக.

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையை நோக்குமாறு திருமறை பல இடங்களில் அறிவுறுத்துகிறது. அதற்கு நான்கு நாட்கள் போதும். கோபே பள்ளியில் தொழுது முடித்ததும், அதைக் கட்டிய பெயரறியா மனிதர்களுக்காக துஆச் செய்யுங்கள். ஊர் திரும்பியபின் பூந்தமல்லிப் பள்ளிக்கும் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ருஸ்தமுக்கும் அந்த துஆ உரியது. நம் பயணங்களை அல்லாஹ் பயனுள்ளவையாக ஆக்கியருள்வானாக, ஆமீன்.