ஜாகீர் நிலம்: ஏட்டில் இருந்தோரும் இல்லாதோரும்

வரலாறு என்பது மன்னர்களின் பெயர்ப்பட்டியல் மட்டுமன்று. நாம் நாள்தோறும் நடக்கும் மண்ணிலும், அரசு அலுவலகத்தில் நாம் உச்சரிக்கும் சொற்களிலும் அது உறைந்து கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்று பாருங்கள். தாலுகா, தாசில்தார், பிர்கா, ஜமாபந்தி, பசலி, வசூல், பாக்கி, ஜப்தி, நகல் என்று காதில் விழும் சொற்களுள் பெரும்பாலானவை அரபு மொழியிலும் பாரசீகத்திலும் பிறந்தவை. பசலி ஆண்டு என்பது அக்பர் காலத்து வருவாய்க் கணக்கு. ஹிஜ்ரி ஆண்டை அறுவடைப் பருவத்தோடு இணைக்க எழுந்த அந்த முறைப்படியே ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் நாள் தமிழகத்தில் இன்றும் புதிய பசலி தொடங்குகிறது.

இச்சொற்களின் வழியே சென்றால், இன்று கார்களும் கைப்பேசிகளும் உருவாகும் இந்த வட்டாரத்தின் கதையை அறியலாம்.

ஏரிகளின் நாடு

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை இப்பகுதியின் ஆறுகள். ஆனால் அவற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. எனவே வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்து வாழக் கற்றனர் முன்னோர். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர் செல்லும் வகையில் கால்வாய்களை அமைத்தனர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை முறையில் ஏரி வாரியத்திற்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றவர் என்பது அதன் விதி. பொதுச்சொத்து ஓர் அமானிதம் என்ற உணர்வு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் சட்டமாக இருந்திருக்கிறது!

நவாபின் கொடை

1763 ஆம் ஆண்டு ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா, தமக்குப் போர்களில் துணை நின்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இப்பகுதியை ஜாகீராக வழங்கினார். 1765 இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். பிற்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தின் பெரும்பகுதி அந்த ஜாகீரே ஆகும். நவாபின் பெயரை வாலாஜாபாத் இன்றும் தாங்கி நிற்கிறது.

தமக்குக் கிடைத்தது என்ன என்பதை அறிய விரும்பிய கம்பெனியார், தாமஸ் பர்னார்ட் என்பவரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை நிலத்தை அளந்தனர். ஏறத்தாழ 2000 ஊர்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. விளைச்சலில் ஏரி நீர் பாய்ச்சுவோர், கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார் ஆகியோருக்கும், வழிபாட்டுத் தலங்களுக்கும் உரிய பங்கு முதலிலேயே ஒதுக்கப்பட்ட செய்தி அக்கணக்குகளில் உள்ளது. பர்னார்டின் வரைபடத்தைப் பார்த்து ஏரி குளங்களை எண்ணிய எட்மண்ட் பர்க், அவை 1100 க்கும் மேல் என்று 1785 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உரைத்தார்.

இதற்கிடையே பெரும் போர் மூண்டது. 1780 இல் (ஹிஜ்ரி 1194) ஹைதர் அலியின் படைகள் கர்நாடகத்தினுள் புகுந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் அவர் மைந்தர் திப்புவும் முறியடித்தனர். பெய்லி சிறைப்பட்டார். காஞ்சியில் இருந்த மன்றோ தம் பீரங்கிகளைக் குளத்தில் போட்டுவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அவ்வெற்றி ஓவியமாக விளங்குகிறது. வெற்றியைப் பாடும் நாம் அதன் விலையையும் மறத்தல் கூடாது. ஊர்கள் வெறிச்சோடின, உழவர் ஊரைவிட்டு ஓடினர், பேணுவாரின்றி ஏரிகள் பாழாயின. போரில் எவர் வென்றாலும் இழப்பு குடிமக்களுக்கே.

ஏட்டில் இல்லாதோர்

1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட முனைந்தார். இப்பணிக்கு நம் மக்கள் வழங்கிய ‘மராமத்து’ என்பதும் அரபுச் சொல்லே. ஆனால் நிலத்தின் உரிமையாளர் யார் என்ற வினாவிற்கு, மிராசுதாரர் என்பதே ஏடுகள் தந்த விடை. சேற்றில் இறங்கி உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களின் பெயர் உரிமைப் பதிவேட்டில் இடம் பெறவில்லை.

நூறாண்டு கழித்து, செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இக்கொடுமையை 1891 இல் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892 இல் பிறந்த ஆணையே, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்க வழி செய்தது. பஞ்சமி நிலம் என்பது இதுவே. அந்நிலத்தைப் பிறர் வாங்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதனை மீட்கும் போராட்டம் 1994 இல் செங்கற்பட்டை அடுத்த காரணையில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இரு உயிர்களைப் பலி கொண்டது.

வயல்களிலிருந்து ஆலைகளுக்கு

நிர்வாக எல்லைகள் மாறிக்கொண்டே வந்தன. 1997 ஜூலை முதல் நாள் செங்கற்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்பவர் இரு மாவட்டங்களைக் கடக்கிறார்.

இராமானுசர் பிறந்த ஊர் என்றும், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் என்றும் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், இன்று தொழில் நகரம். 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006 இல் வந்த நோக்கியா ஆலை 2014 இல் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஒரகடத்தில் 2010 இல் ரெனோ-நிசானும், 2012 இல் டைம்லரும் ஆலை திறந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024 இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தம் சங்கத்திற்கு அங்கீகாரம் கோரி ஒரு மாதத்திற்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தனர்.

வேலை வந்தது, வருமானம் வந்தது; மறுக்கவில்லை. ஆனால் நிலம் எடுக்கப்படும்போது பட்டாவில் பெயர் உள்ளவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. அதே வயலில் தலைமுறையாக நாற்று நட்ட கூலியாளுக்குக் கிடைப்பது என்ன? நிரந்தரப் பணியாளரின் பெயர் ஆலைப் பதிவேட்டில் உள்ளது. வடமாநிலத்திலிருந்து வந்து, அவரருகே நின்று உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் எங்கே? பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 இல் அறிவிக்கப்பட்டபின், ஏகனாபுரம் மக்கள் தம் வயலுக்காகவும் ஏரிக்காகவும் எழுப்பிய குரல் இந்தப் பழைய வினாவின் தொடர்ச்சியே. நீரின் வழியை அடைத்தால் நேர்வது என்ன என்பதை, 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திற்குக் கீழே அடையாற்றங்கரையில் கண்டோம்.

ஒரு சொல் தரும் படிப்பினை

நிலவரித் தவணையை நம் முன்னோர் ‘கிஸ்தி’ என்றனர். அதன் மூலம் ‘கிஸ்த்’ என்னும் அரபுச் சொல். உரிய பங்கு என்பது அதன் ஒரு பொருள். நீதி என்பது மற்றொரு பொருள். திருக்குர்ஆன் நீதியைக் குறிக்க ஆளும் சொற்களுள் அதுவும் ஒன்று. வாங்குவதற்கும் வழங்குவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதை அச்சொல்லே சொல்லவில்லையா?

நவாபின் ஆட்சி போயிற்று. கம்பெனியின் ஆட்சியும் போயிற்று. கிஸ்தி வசூலித்த ஏடுகள் ஆவணக் காப்பகங்களில் உறங்குகின்றன. கிஸ்த் மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஏட்டில் பெயர் இல்லாதவருக்கும் அவருடைய பங்கு சென்று சேரும் நாளில்தான் அந்தப் பாக்கி தீரும்.