அம்பாசடர் மகிழுந்தின் துணைக்கருவிப் பிடிமானங்கள்

அம்பாசடர் மகிழுந்தின் துணைக்கருவிப் பிடிமானங்கள் என்பன டைனமோ, ஆல்டர்னேட்டர், குளிர்சாதனக் கம்பிரசர் முதலிய கருவிகளைப் பொறியின் உருளைத் தொகுதியோடு இணைக்கும் இரும்புச் சட்டங்கள் ஆகும். பட்டறை வழக்கில் இவை பிராக்கெட் எனப்படும். தொழிற்சாலையில் பொருத்தப்படாத கருவியொன்றைப் பழைய வண்டியில் சேர்க்கும்போது, இப்பிடிமானத்தைச் சரியாக அமைப்பதே முதன்மையான பணியாகும்.

பின்னணி

அம்பாசடர் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தால் 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. இது பிரித்தானிய மோரிசு ஆக்சுபோர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடிப்படையாகக் கொண்டது. 1959 இல் 1489 கன செ.மீ. பெட்ரோல் பொறியைப் பெற்றது. 1990களில் இசுசு வடிவமைப்பிலான 1.8 லிட்டர் பொறியும் இடம்பெற்றது. இரு பொறிகளிலும் ஆணித் துளைகளின் அமைவிடம் வேறு என்பதால் ஒன்றன் பிடிமானம் மற்றதற்குப் பொருந்தாது.

பழைய வண்டிகளின் டைனமோ ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்னோட்டமே தரும். பொறி மெதுவாகச் சுழலும்போது அதுவும் கிடைக்காது. குளிர்சாதனமும் ஒளிமிகு விளக்குகளும் சேர்க்கப்படும்போது ஆல்டர்னேட்டர் தேவைப்படுகிறது. சென்னை பாடியில் 1961 இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் ஆல்டர்னேட்டர் உள்ளிட்ட வாகன மின்கருவிகளைத் தயாரிக்கிறது.

ஆல்டர்னேட்டர் பிடிமானம்

டைனமோ நீண்டு மெலிந்தது. ஆல்டர்னேட்டர் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். ஆகவே அதன் பின்காது பழைய பின்பிடிமானத்தை எட்டுவதில்லை. இந்த இடைவெளியை அளவாகக் கடைந்த இரும்புக் குழலால் நிரப்ப வேண்டும். ஆணியை முறுக்கியே இடைவெளியை மூட முயன்றால் அலுமினியக் காது உடைந்துவிடும்.

பழைய பொறியின் மரைகள் அங்குல அளவின. புதிய கருவிகளுடன் வரும் ஆணிகள் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவின. ஒன்றில் மற்றதை வலிந்து செலுத்தினால் மரை அழியும். உருளைத் தொகுதிக்குள் நீர் செல்லும் அறைகள் உள்ளமையால் புதுத்துளை இடாமல், இருக்கும் மரைத் துளைகளையே பயன்படுத்துதல் நன்று.

ஆல்டர்னேட்டரை முனைமாற்றி இணைத்தால் அதன் டையோடுகள் கருகும். எனவே மின்கலத்தின் எம்முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ளது என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

கம்பிரசர் பிடிமானம்

கம்பிரசர் எடைமிக்கது. அதன் கிளட்ச் இணையும் ஒவ்வொரு முறையும் பிடிமானத்தின்மீது திடீர் இழுவை ஏற்படுகிறது. ஒற்றைத் தகட்டில் தொங்கவிட்டால் ஆணித்துளையருகே நாளடைவில் வெடிப்பு தோன்றும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆணியிட்டு, முக்கோண வடிவில் தாங்குசட்டம் சேர்ப்பது வழக்கம்.

பொறி இரப்பர் தாங்கிகளின்மீது அமர்ந்து அசையக்கூடியது. ஆதலால் கம்பிரசரைப் பொறியுடனேயே பிணைக்க வேண்டும். வண்டியின் உடலில் பொருத்தினால் ஒவ்வோர் அசைவிலும் பட்டை இறுகித் தளரும்.

நேர்ப்படுத்தலும் இறுக்கமும்

கிராங்குத் தண்டு, நீர் எக்கி, துணைக்கருவி ஆகியவற்றின் கப்பிப் பள்ளங்கள் ஒரே தளத்தில் அமைய வேண்டும். இதை நேரான சட்டமொன்றை வைத்துச் சரிபார்க்கலாம். கப்பிகளின் அகலம் வேறுபடக்கூடும் என்பதால் விளிம்பை நோக்காது பள்ளத்தின் நடுவையே அளக்க வேண்டும். முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, பின்னர் இரும்பில் புள்ளிப் பற்றவைப்புச் செய்து பொருத்திப் பார்ப்பர். முழுப் பற்றவைப்பின் வெப்பத்தில் சட்டம் வளையக்கூடுமாதலால் இறுதியில் மீண்டும் அளத்தல் தேவை.

பட்டையின் மிக நீண்ட பகுதியை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் (அரை அங்குலம்) தாழ வேண்டும். இறுக்குவதற்கு ஆல்டர்னேட்டரின் கப்பிப் பக்கத்தில் மட்டுமே நெம்ப வேண்டும்.

பழுதின் விளைவு

1489 கன செ.மீ. பொறியில் மின்னூட்டக் கருவி, நீர் எக்கி, விசிறி ஆகிய மூன்றையும் ஒரே பட்டை இயக்குகிறது. பிடிமானம் தளர்ந்து பட்டை கழன்றால் மின்னூட்டத்துடன் குளிர்விப்பும் நின்றுவிடும். அதன் பின்னும் வண்டியைச் செலுத்தினால் பொறி மிகைச்சூடேறி, உருளைத்தலை வளையலாம். மின்னூட்ட எச்சரிக்கை விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் உடனே நிறுத்திப் பட்டையைப் பார்க்க வேண்டும் என்பது இதனாலேயே ஆகும்.

இவற்றையும் பார்க்க

இந்துஸ்தான் மோட்டார்ஸ்
மோரிசு ஆக்சுபோர்டு
ஆல்டர்னேட்டர்