காரைக்கால் கரையும் முயலின் தந்திரமும்

காரைக்கால் பகுதி, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த ஆண்டுகள் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், தமிழரின் விலங்குக் கதைகளும் ஆப்பிரிக்கரின் விலங்குக் கதைகளும் ஒன்றையொன்று நெருங்கிய வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் உண்டு. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சு அரசு, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றியது. 1853இல் தொடங்கி முப்பது ஆண்டுகளில் மார்த்தினிக் தீவுக்கு மட்டும் ஏறத்தாழ 25,000 இந்தியர் சென்றனர். அங்கே அவர்களுக்கு அண்டை வீட்டாராக வாய்த்தவர்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர். 'கொம்பேர் லாப்பேன்', அதாவது முயலண்ணன், வலியவரை ஏய்த்துப் பிழைக்கும் கதைகள் அவர்களிடையே வழங்கின. செனகலின் வொலொஃப் மக்களிடம் இதே முயல் 'லெயுக்' என்ற பெயரில் 'புக்கி' என்னும் கழுதைப்புலியை ஏமாற்றுகிறது.

இந்திய, ஆப்பிரிக்கக் கதைகளின் உறவுக்கு முந்திய தடம் கிழக்கு ஆப்பிரிக்காவில் தெளிவாகக் கிடைக்கிறது. எட்வர்ட் ஸ்டீர் 1870இல் வெளியிட்ட சுவாகிலிக் கதைத் தொகுதியில், தன் இதயத்தை மரத்திலேயே விட்டுவந்ததாகச் சொல்லிச் சுறாவிடமிருந்து தப்பும் குரங்கு, தொடர்ந்து வண்ணானின் கழுதையைப் பற்றியும் ஒரு கதை சொல்கிறது. பஞ்சதந்திரத்தில் கிடைத்ததை இழப்பது பற்றிய நான்காம் தந்திரம் இவ்விரண்டையும் இதே பிணைப்பில் கொண்டுள்ளது, முதலை சுறாவாகியிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அரபியில் ஆக்கிய பஞ்சதந்திர வடிவமான 'கலீலா வ திம்னா' வழியாகவோ, சன்சிபாரில் கடை விரித்த இந்திய வணிகர் வாய்வழியாகவோ அது சென்றிருக்கலாம். இரண்டுமே நடந்திருக்கக்கூடும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பஞ்சதந்திரம் பிரான்சுக்கு நேராகவும் சென்றது. தமிழ், தெலுங்கு, கன்னடப் படிகளிலிருந்து தெரிந்தெடுத்து துபுவா பாதிரியார் பாரிசில் பிரெஞ்சுப் பதிப்பை வெளியிட்ட 1826ஆம் ஆண்டிலேயே, தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த தமிழ் உரைநடை சென்னையில் வெளிவந்தது.

இவ்விலங்குக் கதைகள் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் கற்பிக்க எழுந்தவை என்னும் கருத்து பெரிதும் பள்ளிக்கூடம் தந்தது. கிணற்று நிழலைக் காட்டிச் சிங்கத்தைக் கொல்லும் முயல் சொல்வது பொய்யே. பஞ்சதந்திரத்தை உரைத்த விஷ்ணுசர்மன் அரசகுமாரருக்குப் புகட்டியது அறமன்று, பிழைக்கும் விவேகமாகிய நீதி. லெயுக்கும் அவ்வகையினனே ஆயினும், செனகல் எழுத்தாளர்களான செங்கோரும் அப்துலாய் சாஜியும் 1953இல் அவனை மேற்கு ஆப்பிரிக்கத் தொடக்கப்பள்ளிகளின் வாசிப்பு நூலில் நாயகனாக அமர்த்தினர்.