காலனியப் போர்விளையாட்டில் எதிரணித் தலைவனின் இடம்

முன்னுரை

சிறிய ஈய உருக்களைப் படைவீரர்களாகக் கொண்டு, மேசைமீது மலையும் ஆறும் ஊரும் அமைத்து, அளவுகோல், பகடை, விதிநூல் ஆகியவற்றின் துணையுடன் நிகழ்த்தப்பெறும் போர்விளையாட்டு பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மன்றங்கள் வளர்த்தெடுத்த பொழுதுபோக்காகும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலனியப் போர்களை ஆடுவது அதனுள் தனிப்பிரிவாக நிலைபெற்றுள்ளது. ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் தனிப்போர் ஒருவகை. நிலப்படத்தின்மீது படைகளை நகர்த்திப் பல வாரங்கள், சிலபோது பல மாதங்கள் தொடரும் படையெடுப்புத் தொடர் மற்றொரு வகை. தனிப்போரில் எழாமலே போகக்கூடிய ஒரு வினா தொடரில் தவிர்க்கமுடியாததாகிறது. படையெடுக்கப்பட்ட மக்களின் தலைவனாக அமர்ந்து சிந்திப்பவர் யார் என்பதே அது. விளையாட்டு பற்றிய வினாவாகத் தோன்றினும், விதிகளை வகுத்தோர் எந்தச் சான்றுகளைப் படித்தனர் என்பதுவரை இவ்வினா செல்கிறது.

சமநிலை ஆட்டமும் அதன் தளர்வும்

இவ்வகை ஆட்டத்தின் மூலம் பிரஷ்யப் படையினரின் பயிற்சிமுறையாகும். ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அலுவலர், தம் தந்தை தொடங்கிய முயற்சியைத் திருத்தி 1824இல் விதிகளை வெளியிட்டார். இரு தரப்பினரும் நேருக்குநேர் அமர்வதில்லை. ஆணைகளை எழுதி நடுவரிடம் தருவர். தம் வீரர் கண்ணுக்குப் புலப்படுவதை மட்டுமே நடுவர் வழியாக அறிவர். இருவரும் ஒரே வகைப் படைப்பள்ளியில் பயின்றோர் என்பதே அவ்விதிகளின் உள்ளீடு. அறியாமை இருவர்க்கும் பொது. அறிவும் இருவர்க்கும் பொது.

படைப்பள்ளிக்கு வெளியே இதனைத் தொடராக ஆடியவர்களுள் முன்னோடி எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 1881-82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த அவர், மாடியறைத் தரையில் சுண்ணக்கட்டியால் நிலப்படம் வரைந்து, வளர்ப்பு மகன் லாயிட் ஆஸ்பர்னுடன் போர்த்தொடர் ஒன்றை நடத்தினார். ஆஸ்பர்னின் நினைவுக்கட்டுரை 1898இல் வெளிவந்தது. படைகள் செல்லும் வேகம், வெடிமருந்து வழங்கல், மறைவான நகர்வு ஆகிய அனைத்தும் அவ்வாட்டத்தில் இருந்தன. களத்திலிருந்து செய்தி அனுப்பும் கற்பனை இதழ்களையும் ஸ்டீவன்சன் எழுதினார் என்பது இலக்கிய மாணவர்க்குச் சுவையான செய்தி.

எச்.ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலும் ஒத்த வலிமையுள்ள இரு படைகளையே மேசைக்குக் கொணர்ந்தது. ஆயின் ஈராண்டு முன்னர், 1911இல், அவர் எழுதிய ‘ஃபுளோர் கேம்ஸ்’ நூலில் தரையையே கடலாகவும் பலகைகளைத் தீவுகளாகவும் கொண்ட சிறுவர் ஆட்டம் ஒன்று உண்டு. கப்பலில் வந்து இறங்குவோர் ஆடுவோராவர். தீவுவாசிகளோ காட்டுவிலங்குகளோடு சேர்த்து முன்னரே அடுக்கிவைக்கப்பெற்ற பொம்மைகள். பிற்காலக் காலனிய ஆட்டங்களின் அமைப்பு இச்சிறுவர் ஆட்டத்திலேயே முளைவிட்டிருப்பதைக் காணலாம். ‘லிட்டில் வார்ஸ்’ நூலின் பின்னிணைப்பில் கர்னல் மார்க் சைக்ஸ் பெயர் இடம்பெறுகிறது. 1916இல் உதுமானியப் பேரரசின் அரபு நிலங்களைக் காகிதத்தில் பங்கிட்ட உடன்பாட்டில் பின்னர்த் தம் பெயரைப் பொறித்தவர் அவரே.

பொம்மைத் தொழிலும் இதற்குத் துணைநின்றது. 1893இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பைப் புகுத்திய லண்டனின் பிரிட்டன் நிறுவனம், பேரரசின் படைகளை வரிசை வரிசையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் ‘மதராஸ் நேட்டிவ் இன்ஃபண்ட்ரி’யும் ஒன்று. செஞ்சட்டை அணிந்த தமிழ், தெலுங்குச் சிப்பாயின் உருவம் ஆங்கிலச் சிறுவனின் பெட்டியில் ‘நம் பக்கத்து’ வீரனாக இடம்பெற்றது.

தொடரை நடத்தும் முறை

இரண்டாம் உலகப்போருக்குப்பின் இப்பொழுதுபோக்கு மன்ற வடிவம் பெற்றது. அமெரிக்காவில் ஜாக் ஸ்க்ரூபி 1957இல் தொடங்கிய சிற்றிதழும், இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய ‘வார் கேம்ஸ்’ நூலும் ஆங்காங்கே தனித்திருந்த ஆர்வலர்களை ஒன்றிணைத்தன. டோனி பாத் கற்பனை நாடுகளைக் கொண்டு பல்லாண்டு நடத்திய தொடர், தொடராட்டம் எவ்வளவு விரியக்கூடும் என்பதைக் காட்டியது.

மன்றம் ஒன்று காலனியத் தொடரை நடத்தும் முறை பெரும்பாலும் வருமாறு அமையும். நிலப்படம் கட்டங்களாகப் பகுக்கப்பெறும். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு வெறுந் தீப்பெட்டி என்ற கணக்கில் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, படைப்பிரிவுகளைக் குறிக்கும் சில்லுகளை அவ்வறைகளில் இட்டுவைப்பர். ஒரே பெட்டியில் எதிரெதிர்ச் சில்லுகள் சேர்ந்தால் அப்போர் மேசைக்கு மாற்றப்படும். கணினி பரவுவதற்கு முன் மறைவான நகர்வைப் பேண இதனினும் எளிய வழி இருந்திருக்க இயலாது. நடுவர் நாட்காட்டியைக் காப்பார். மழை, நோய், எருதுகளின் இறப்பு, தூதன் தாமதம் ஆகியவற்றைப் பகடையால் தீர்மானிப்பார்.

இத்தகைய தொடரில் வெற்றியை உறுதி செய்வது துப்பாக்கியைவிட மாட்டுவண்டியே. சி.இ. கால்வெல் 1896இல் வெளியிட்ட ‘ஸ்மால் வார்ஸ்’ நூல், காலனியப் போர்களில் இயற்கையையும் தொலைவையும் வெல்வதே பெரும்பணி என விளக்கியது. ஆர்வலர்கள் அந்நூலைக் கருத்துடன் பயன்படுத்தினர். எனவே படையெடுப்பவரின் வண்டி, தண்ணீர், தீவனம் ஆகியவற்றுக்கு விதிகள் நுணுக்கமாக அமைந்தன. எதிரணியின் வழங்கலுக்கு அத்தகைய நுணுக்கம் இல்லை. அதற்கான கையேட்டை எவரும் எழுதியிருக்கவில்லை.

விதியாக மாறிய தலைவன்

1979இல் அமெரிக்கரான லாரி பிரோம் வெளியிட்ட ‘தி சோர்ட் அண்ட் தி ஃபிளேம்’ காலனிய ஆட்டத்தின் செல்வாக்குமிக்க விதிநூல். எந்தப் பிரிவு முதலில் நகரும் என்பதைச் சீட்டுக்கட்டு முடிவு செய்யும். சிவப்புச் சீட்டு பேரரசுப் படைக்கு, கறுப்புச் சீட்டு உள்நாட்டுப் படைக்கு. தளபதி எண்ணியவாறு எதுவும் நடவாது என்ற உண்மையை ஓர் எளிய கருவியால் உணர்த்திய அவ்விதி பாராட்டத்தக்கது. இங்கு இரு தரப்பிலும் மனிதர் அமர்கின்றனர். எனினும் ஆட்டங்கள் பலவற்றில் அழிந்த உள்நாட்டுப் பிரிவு மேசையின் மறுவிளிம்பில் புதிய பிரிவாகத் திரும்பிவரும் வழக்கம் புகுந்தது. அவர்கள் எண்ணிக்கையற்றோர் என்ற படிமம் இதனால் விதியாகிவிட்டது.

ஹோவர்ட் வைட்ஹவுஸ் சூடான் போர்களுக்கு எழுதிய ‘சயன்ஸ் வர்சஸ் பிளக்’ ஒருபடி மேற்சென்றது. அதில் ஆடுவோர் அனைவரும் பிரித்தானிய அலுவலர்கள். மஹ்தியின் படையை நடுவரே இயக்குவார். அலுவலர்களிடையே உள்ள பொறாமை, குழப்பம், ஆணை திரிதல் ஆகியவற்றைக் காட்டுவதில் இம்முறை பெரிதும் வென்றது. நடுவர் நேர்மையாளராயின் எதிரணிக்கும் நீதி கிடைக்கும் என வாதிடலாம். எனினும் 1883 நவம்பரில் ஹிக்ஸின் படையைத் தண்ணீரின்றி அலையவிட்டு ஷைகானில் முற்றாக அழித்த தலைமை, அடுத்த ஆண்டு செங்கடற்கரைப் பகுதியில் போர் நடத்திய உஸ்மான் திக்னாவின் தலைமை ஆகியவை ஆடுவோர்க்குப் புழுதிக்குள்ளிருந்து வரும் பேரிடராகவே தோன்றும். ஆடுவோருள் எவரும் அவர்களாக இருந்து முடிவெடுப்பதில்லை.

சமமற்ற வலிமை இதற்குக் காரணமாகாது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் ஒருபோதும் சமமல்ல; எனினும் ஆடுகளை நகர்த்துபவரும் முழு ஆட்டக்காரரே. தமிழ்ப் புறத்திணை மரபும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. நிரை கவர்வோர் வெட்சி சூடினால் மீட்போர் கரந்தை சூடுவர். மதில் வளைப்போர்க்கு உழிஞை எனின் காப்போர்க்கு நொச்சி. தொல்காப்பியம் கரந்தையை வெட்சியுள்ளும் நொச்சியை உழிஞையுள்ளும் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை அவற்றைத் தனித் திணைகளாக்கியது. தாக்கப்பட்டோர்க்கும் ஒரு பூவும் ஒரு துறைவரிசையும் உண்டு என்பதே அவ்விலக்கணத்தின் நோக்கு.

1879: சூலு அரசரின் நாட்காட்டி

மன்றங்கள் விரும்பி எடுக்கும் தொடர் 1879ஆம் ஆண்டின் சூலுப் போர். 1964இல் வெளிவந்த ‘சூலு’ திரைப்படம் ரோர்க்ஸ் டிரிப்ட் காவலை உலகறியச் செய்தபின் இவ்விருப்பம் பெருகியது. ஜனவரி 11இல் செம்ஸ்ஃபோர்டின் படைகள் எல்லை கடந்தன. ஜனவரி 22இல் ஏறத்தாழ இருபதாயிரம் சூலு வீரர்கள் இசாண்டில்வானாவில் பிரித்தானிய முகாமை அழித்தனர். முகாமின் தரப்பில் 1,300 பேர் அளவில் மடிந்தனர். அன்று மாலையே ரோர்க்ஸ் டிரிப்டில் நூற்றைம்பது பேர் அளவிலான காவற்படை தப்பிநின்றது. பின்னது மேசையில் எண்ணிறந்த முறை ஆடப்பெற்றுள்ளது. மதிலும் கூட்டமும் மட்டுமே இருப்பதால் சூலு தரப்பில் சிந்திக்க வேண்டியதும் குறைவு.

தொடராக ஆடும்போது நிலைமை மாறுகிறது. இருபதாயிரம் பேரைத் தலைநகர்ப் பகுதியிலிருந்து ஐந்து நாள்களில் எதிரியின் கண்ணில் படாமல் இங்வெபேனிப் பள்ளத்தாக்கிற்குக் கொணர்ந்தவர் இன்ட்ஷிங்வாயோ என்னும் முதிய தளபதி. இது சீட்டு விழும் வரிசையால் விளைந்ததன்று. அரசர் செட்ச்வாயோ தம் படை நேட்டால் எல்லைக்குள் புகலாகாது என ஆணையிட்டிருந்தார். தற்காப்புப் போர் என்ற நிலையைப் பேணி உடன்பாடு காண்பதே அவர் கருத்து. ரோர்க்ஸ் டிரிப்ட் தாக்குதல் அவ்வாணையை மீறித் தபுலமன்சி நடத்தியது. ஆயிரமாயிரம் முறை ஆடப்பெற்ற ஆட்டம் அரசர் விரும்பாத போர் என்பது வியப்பே.

வென்றபின் சூலு வீரர்கள் தம் வீடுகளுக்குத் திரும்பினர். இறப்புத் தீட்டுக் கழிக்கும் சடங்குகள் இருந்தன, காயங்கள் ஆற வேண்டும், அறுவடையும் காத்திருந்தது. பெரும்படை மீண்டும் களங்கண்டது மார்ச்சு இறுதியில்தான். மேசையின் விளிம்பில் உடனே முளைக்கும் பிரிவுக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. நாட்காட்டியோடு நடத்தப்பெறும் தொடரில் சூலு தரப்பில் அமர்பவர், எருது வண்டிகளைக் கணக்கிடும் செம்ஸ்ஃபோர்டைப் போன்றே வீரனையும் பருவத்தையும் கணக்கிட வேண்டியவராகிறார். அரசர் அனுப்பிய அமைதித் தூதர்களுக்கும் அவர் இடம் தேடவேண்டும். சிறைப்பட்டபின் செட்ச்வாயோ அளித்த வாக்குமூலங்கள் பதிவாகியுள்ளன; சூலு வீரர் சிலரின் நினைவுகளும் உள்ளன. எனவே சான்றில்லை என்ற விடை பொருந்தாது.

1801: காளையார்கோயில் காடு

தமிழகத்துப் பாளையப் போர்களைத் தொடராக ஆட முனைவோர்க்குப் பெரிதும் உதவக்கூடியது ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட படைநினைவு நூல். மார்ச்சு 31இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் முன் கும்பினிப் படை தோற்றதும், மே 24இல் அது வீழ்ந்ததும், பின்னர்ச் சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று கைவிட்டதும் அதில் உள்ளன. வெட்டிய பாதையின் நீளம், நாள், இழப்பு என அனைத்தும் விதியாக மாற்ற ஏற்றவை. சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் எனவும் வெல்ஷ் எழுதுகிறார். எதிரியைப் பெயரோடும் முகத்தோடும் அறிந்த அலுவலரின் கூற்று அது.

ஆயினும் மரங்களுக்கு அப்பால் என்ன ஆணைகள் பிறந்தன என்பதை வெல்ஷ் காணவில்லை. அப்பக்கத்துச் சான்று வேறு வடிவில் உள்ளது. 1801 ஜூன் 16இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஒட்டப்பெற்ற சின்ன மருதுவின் அறிக்கை பல சாதியினரையும் சமயத்தினரையும் கும்பினிப் பணியில் இருந்தோரையும் நோக்கிப் பேசுகிறது. இதனைத் தொடரில் சேர்க்க விரும்பும் நடுவர், காட்டை வெட்டும் கணக்கோடு, கும்பினியின் செஞ்சட்டைச் சிப்பாயுள் எத்தனை பேர் அவ்வறிக்கையைக் கேட்டுத் தயங்கினர் என்பதற்கும் ஒரு பகடை வைக்கவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அப்பகடையை உருட்ட, காட்டின் பக்கத்தில் ஓர் ஆட்டக்காரர் அமர்ந்திருக்கவும் வேண்டும்.