நேரடி ரயிலா, மதுரையில் மாறிப் போறதா... எழுமலைக்காரர்களுக்கு எது பெஸ்ட்?

திங்கள்கிழமை சென்னையில் உங்களுக்கு இன்டர்வியூ. எழுமலையில் இருந்து எப்படிப் போவீங்க? "மதுரைக்குப் போய் ரயில் ஏறிக்கலாம்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்க... பக்கத்தில் உசிலம்பட்டியிலேயே சென்னை ரயில் நிற்குது!

நேரடி ரயில்: நிம்மதி, ஆனா 3 நாள்தான்

அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் மூடப்பட்ட மதுரை - போடி லைனில், 2023 ஜூன் 15-ல் சென்னை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தது. போடியில் இருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவுகளில் கிளம்பும். சேலம், காட்பாடி வழியாகச் சுற்றிப்போய், மறுநாள் காலை சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். லேட்டானாலும் நீங்க 'மிஸ்' பண்ண வேறு ரயில் இல்லை. தூக்கத்தில் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். வயசான அப்பத்தாவைக் கூட்டிட்டுப் போனால் இதன் அருமை புரியும்.

மாறிப் போவது: எந்த நாளும் உண்டு

செவ்வாய் காலை இன்டர்வியூ என்றால்? திங்கள் இரவு போடி ரயில் கிடையாது. மதுரை போய்த்தான் ஆகணும். அங்கே பாண்டியன் எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு. திருச்சி, விழுப்புரம் வழியாக எழும்பூர் போகும். சிக்கல், மதுரை ஜங்ஷன் போய்ச் சேருவதில்தான். பஸ் லேட்டாகி ரயிலை விட்டால், டிக்கெட் காசும் போச்சு.

ரயில்வே தரும் பாதுகாப்பு

முதல் ரயில் லேட்டாகி, அடுத்த ரயிலை விட்டால் ரீஃபண்ட் உண்டு. 2019 ஏப்ரல் முதல் இந்த விதி இருக்கு. கவனிக்க வேண்டியவை:

* இரண்டு பி.என்.ஆரையும் இணைத்திருக்கணும்.
* இரண்டு டிக்கெட்டிலும் பயணி விவரம் ஒரே மாதிரி இருக்கணும்.
* முதல் ரயில் வந்துசேர்ந்த 3 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்கணும். இ-டிக்கெட்டுக்கு ஆன்லைனில் டி.டி.ஆர்.

சென்னையில் இறங்கி டெல்லி ரயில் பிடிப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால், போடி - மதுரை பாசஞ்சரின் அன்ரிசர்வ்டு டிக்கெட்டுக்கு பி.என்.ஆரே கிடையாது. பஸ்ஸுக்கும் இது பொருந்தாது.

அப்போ எது?

நாள் பொருந்தினால் உசிலம்பட்டியில் ஏறுங்க. பொருந்தலைன்னா, மதுரைக்கு ஒரு பஸ் முன்னாடியே கிளம்புங்க. கிளம்பும் முன் ஆப்பில் நேரத்தையும் நாளையும் பாருங்க. ரீஃபண்டில் டிக்கெட் காசுதான் திரும்ப வரும்; இன்டர்வியூ வராது!