ஹார்லெமின் குப்பைப் போர்

பருவநிலை நீதி கோரி நியூயார்க் இளைஞர்கள் இன்று எழுப்பும் முழக்கத்தின் பூர்வ சரித்திரத்தை ஆராயப் புகுவோர், 1969-ஆம் ஆண்டுக் கோடையில் கிழக்கு ஹார்லெமில் வசித்த போர்ட்டோ ரிக்கோ ஜனங்களின் வீதிகளுக்கே சென்று சேர்வர். யங் லார்ட்ஸ் என்னும் வாலிபர் சங்கத்தார், ஜனங்களின் பிரதானக் குறை யாதென வீடுவீடாக வினவ, குப்பையே என்ற விடை பெற்று, ஞாயிறுதோறும் தாமே தெருப் பெருக்கி, துப்புரவு இலாகாவிடம் துடைப்பம் கேட்டு மறுக்கப்பட்டபின், அள்ளிய குப்பையை மூன்றாவது அவென்யூவின் குறுக்கே குவித்துத் தீயிட்டு, போக்குவரத்தை ஸ்தம்பிக்கச் செய்தனர். மறு ஆண்டே காசநோய்ப் பரிசோதனைக்குரிய எக்ஸ்ரே வண்டியொன்றையும் கைப்பற்றித் தம் பேட்டைக்குக் கொணர்ந்தனர். அழுக்கும் வியாதியும் ஏழைகளின் வாசலிலேயே குவிவது ஏன் என்ற அவர்களது கேள்விதான், 2012-இல் சாண்டி புயல் கரையோரப் பேட்டைகளை மூழ்கடித்த பிற்பாடு, 2014 செப்டம்பரில் நடந்த பருவநிலைப் பேரணியின் முன்வரிசை வாலிபர்களிடம் புது வேகத்தோடு ஒலித்தது.