மைசூர் மேசையின் மதிப்பு: ஈட்டியும் தந்தமும் எழுதப்படாத பெயர்களும்

பழைய மரச்சாமான் சந்தையில் ‘மைசூர் அரண்மனை மேசை’ என்னும் தொடர் தாராளமாகப் புழங்குகிறது. யானைத் தலைகள் தாங்கி நிற்கும் சிறுமேசை, மடக்குக் கால்களுடைய எண்கோணத் தேநீர் மேசை, தசரா ஊர்வலம் பதிக்கப்பட்ட மேற்பலகை என யாவும் அப்பெயரிலேயே விலைபேசப்படுகின்றன. அத்தொடரின் ஒவ்வொரு சொல்லும் ஒரு கூற்று. பொருள் மைசூரில் செய்யப்பட்டது என்பது ஒன்று; அது அரசகுடும்பத்தின் உடைமையாக இருந்தது என்பது மற்றொன்று; அது மேசை என்பது மூன்றாவது. கண்ணால் கண்டதும் ஏற்கத்தக்கது மூன்றாவது மட்டுமே. ஏனைய இரண்டுக்கும் சான்று வேண்டும். அச்சான்று பொருளின் எந்தப் பகுதியில் கிடைக்கும், அதற்கும் விலைக்கும் என்ன உறவு, அவ்வுறவு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏன் முறிந்தது என்பன விடை தேடவேண்டிய வினாக்கள்.

முதற்சான்று மொழியில் இருக்கிறது. தமிழில் ‘மேசை’ போர்த்துக்கீசியச் சொல். மரவேலைக் குழுவின் தலைவரைக் குறிக்கும் ‘மேஸ்திரி’ என்பதும் அம்மொழியிலிருந்து வந்ததே. ‘அலமாரி’, ‘ஜன்னல்’ ஆகியவற்றையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். கன்னடத்தின் ‘மேஜு’ பாரசீகத்திலிருந்து உருது வழியே வந்த வடிவம். இரு மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொல் தமிழில் ‘மணை’, கன்னடத்தில் ‘மணெ’. அது தரையோடு ஒட்டிய பலகை. உயர்ந்த கால்களுடைய மேசை தென்னிந்திய வீட்டின் பழம்பொருள் அன்று என்பதையே இக்கடன்சொற்கள் காட்டுகின்றன. ஆனால் அதைச் செய்த மரத்தின் பெயர் கடன் வாங்கப்படவில்லை. தமிழின் ‘ஈட்டி’, மலையாளத்தின் ‘ஈட்டி, வீட்டி’, கன்னடத்தின் ‘பீட்டெ’ ஆகியவை ஓரினச் சொற்கள். வடிவம் வெளியிலிருந்து வந்தது; மரமும் உளியும் கையும் இம்மண்ணுடையவை. மைசூர் மேசையின் வரலாறு இந்தச் சந்திப்பின் வரலாறே.

அவ்வரலாற்றின் மையத்தில் ஒரு தீவிபத்து இருக்கிறது. 1897-இல் இளவரசி ஜெயலட்சும்மண்ணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்த புதிய அரண்மனை 1912-இல் நிறைவுற்றது. செலவு 41,47,913 ரூபாய். அதன் அம்பா விலாச மண்டபத்தின் வழியில், தந்தம் பதித்த ஈட்டிமரக் கதவு விநாயகர் சந்நிதிக்கு இட்டுச் செல்கிறது. காலம் உறுதியாகத் தெரிந்த பதிப்பு வேலை எப்படி இருக்கும் என்பதற்கு அக்கதவே அளவுகோல். மைசூரில் 1906-இல் இங்கிலாந்து இளவரசர் அடிக்கல் நாட்டிய சாமராஜேந்திரா தொழில்நுட்பப் பயிலகம், அரண்மனைப் பணியோடு நின்றுவிடாமல் இக்கைத்தொழில் பயிற்சியாகவும் விற்பனைப் பொருளாகவும் தொடர வழிசெய்தது. இதனால் எழும் முடிவு எளியது: இருபதாம் நூற்றாண்டில் மைசூரில் செய்யப்பட்ட பதிப்பு மேசைகள் பல, அரண்மனைக்காக அன்றிச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. ‘அரண்மனை’ என்னும் அடைமொழி இருப்புப் பதிவோ முத்திரையோ இன்றி ஏற்கத்தக்கதன்று.

கடைத்தெருவில் ‘இன்லே’ என்று வழங்கும் பதிப்பு வேலையின் முறையை அறிந்தாலன்றி அதை அடையாளம் காண இயலாது. முதலில் உருவம் தாளில் வரையப்படும். அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் நூல் போன்ற அலகுடைய வாளால் தனித்தனியே அறுக்கப்படும். அவற்றின் விளிம்பை ஈட்டிப் பலகையில் குறித்து, உளியால் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பசையிட்டுப் பதிப்பார்கள். பழைய வேலையில் பசை என்பது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வஜ்ஜிரம். பதித்தபின் கண், ஆடை மடிப்பு, இலை நரம்பு முதலிய நுண்கோடுகள் கீறப்பட்டுக் கருநிறத்தால் நிரப்பப்படும். இறுதியில் உப்புத்தாள் தேய்ப்பும் அரக்கு மெருகும்.

இம்முறையை அண்டை மரபுகளோடு ஒப்பிட்டால் மைசூரின் தனித்தன்மை தெளிவாகும். பதினெட்டாம் நூற்றாண்டு விசாகப்பட்டினப் பொருள்களில் தந்தம் அகன்ற தகடாகவே மேற்பரப்பை மூடும். அத்தகட்டின்மேல் கீறிய கோடுகளில் கருப்பு அரக்கு நிறைந்திருக்கும். பஞ்சாபின் ஹோஷியார்பூர் வேலை சீசம் மரத்தில் கொடியும் கோலமுமாக அடர்ந்து பரவும். பம்பாயின் கருமரச் சாமான்களில் பதிப்பைவிடத் துளைச்செதுக்கல் மிகுதி. இலங்கையின் காலித் துறைமுகப் பகுதியில் செய்யப்பட்ட மாதிரிமர மேசைகளில் பல்வேறு மரத்துண்டுகள் நடுவிலிருந்து விரியும் கோலமாக அடுக்கப்பட்டிருக்கும். மைசூர் வேலையில் ஈட்டியின் இருண்ட பரப்பு வெறுமையாகவே விடப்பட்டு, அதன்மேல் யானை, தெய்வம், மரம், ஊர்வலம் என உருவங்கள் தனித்து நிற்கும். வெற்றிடமும் வடிவமைப்பின் ஒரு பகுதி. யானைத் தலைக் கால்கள் மட்டும் மைசூருக்குச் சான்றாகா. யானையைச் செதுக்கிய தச்சர்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எங்கும் இருந்தனர்.

காலத்தைக் கணிக்க மேசையைக் கவிழ்த்துப் பார்ப்பதே தலையாய முறை. மேற்புறம் மெருகுக்குரியது, அடிப்புறம் வரலாற்றுக்குரியது. கையால் இழுத்த வாள் நேரான, இடைவெளி ஒவ்வாத தடங்களை விடும். வட்ட ரம்பம் வில்போன்ற வளைவுகளை விடும். பழைய திருகாணியின் தலைவெட்டு நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும், முனை மழுங்கியிருக்கும். கூர்முனைத் திருகாணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திர உற்பத்தியோடு பரவியது. சிலுவைத் தலைத் திருகாணி 1930-களுக்கு முந்தையதாக இருக்க இயலாது. ஆயினும் திருகாணி மாற்றப்படக்கூடியது. எனவே அது அமர்ந்திருக்கும் துளையையும், சுற்றியுள்ள மரத்தில் படிந்த துருக்கறையையும் சேர்த்தே படிக்கவேண்டும். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் ஏறத்தாழ சுருங்காது. அதனால் ஒற்றைத் திசை இழையுடைய பழைய வட்டப் பலகையை இரு திசைகளில் அளந்தால் வேறுபாடு தெரியும். எல்லாத் திசையிலும் துல்லியமாக வட்டமாயிருக்கும் ‘நூற்றாண்டு மேசை’ ஐயத்துக்குரியது.

மரத்தை நிறத்தால் மட்டும் தீர்மானித்தல் ஆகாது. ஈட்டியின் வயிரம் பழுப்பிலிருந்து ஊதாச் சாயை வரை மாறும். கரிய கோடுகள் ஓடும். தேக்கைவிட எடை மிகும். சாயமேற்றிய மலிவு மரமும் மேற்புறத்தில் அதேபோல் தோன்றும். ஆனால் சாயம் மேற்பரப்போடு நின்றுவிடும். இழுப்பறையின் உட்புறத்திலும் கால் இணையும் கழுந்திலும் வெளிறிய நிறம் வெளிப்படும்.

பதித்த வெண்பொருள் எது என்பது அடுத்த வினா. இன்றைய நிலையில் மேசையின் விதியைத் தீர்மானிப்பது அதுவே. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். பதிப்புத் துண்டுகள் பெரும்பாலும் நீளவாக்கில் அறுக்கப்பட்டவை. அவற்றில் மெல்லிய அலைபோன்ற இழைகளே தென்படும். எலும்பில் குருதி ஓடிய நுண்குழல்கள் கருப்புப் புள்ளிகளாகவோ சிறு கீற்றுகளாகவோ தெரியும். நெகிழியில் இரண்டும் இல்லை. கோடுகள் இருந்தாலும் அவை இயந்திர ஒழுங்கோடு மீண்டும் மீண்டும் வரும். இவற்றைக் காணக் கையுருப்பெருக்கி போதும். சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கும் சந்தை வழக்கம் பொருளைச் சேதப்படுத்துவது. ஆய்வில் அதற்கு இடமில்லை.

வெண்பொருள் தந்தமே என்று உறுதிப்படும் கணத்தில் அந்த மேசைக்கு இந்தியச் சந்தையில் சட்டபூர்வமான விலை இல்லாமற்போகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடைசெய்தன. உரிமைச் சான்றிதழ் உள்ளவர்களும் அதை விற்கவியலாது. மரபுரிமையாக மட்டுமே அது கைமாறலாம். நூறாண்டு கடந்த கலைப்பொருளாயின் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டமும் தனியார் ஏற்றுமதியைத் தடுக்கிறது. தந்தமே இல்லாத மேசைக்கும் மரத்தால் கட்டுப்பாடு உண்டு. ஈட்டியை உள்ளடக்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

பிரிட்டனில் நிலை வேறு. அந்நாட்டின் 2018-ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947 மார்ச் 3-க்கு முன் செய்யப்பட்டு, கன அளவில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகத் தந்தம் கொண்ட பொருள்களைப் பதிவுசெய்து விற்க அச்சட்டம் விலக்களிக்கிறது. பதிப்பு மேசைகளில் தந்தத்தின் பங்கு மிகக் குறைவாதலால் பல இவ்விலக்குக்குள் அடங்கக்கூடியவை. எனவே ஒரே பட்டறையில் ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரு மேசைகளுள், காலனியக் காலத்தில் கப்பலேறியது இன்று ஏலப் பட்டியலில் படத்தோடும் அளவோடும் விளக்கத்தோடும் இடம்பெறலாம். மைசூரிலேயே தங்கியது இடம்பெற இயலாது.

தடை தவறு என்பது இதன் பொருளன்று. யானையின் உயிரைவிட மேசையின் விலை பெரிதன்று. பழைய தந்தத்துக்குத் திறந்த வாயிலில் புதிய தந்தமும் நுழையும் என்பதும் அறியப்பட்டதே. ஆயினும் ஒரு பக்கவிளைவைக் கலைவரலாறு கணக்கில் கொள்ளவேண்டும். விற்கவியலாத பொருளை மதிப்பிட எவரும் அழைக்கப்படுவதில்லை, மதிப்பிடப்படாதது பதிவாவதுமில்லை. தந்தத்தை ‘எலும்பு’ என்று எழுதிவைப்பதும், அதைப் பெயர்த்தெடுத்துக் குழியில் நெகிழியை நிரப்புவதும் அச்சத்தின் விளைவுகள். இரண்டாம் செயலில் கைவினைஞன் கீறிய கோடே அழிகிறது. மேசை எஞ்சுகிறது, அது எந்தக் கையால் ஆனது என்று காட்டிய கையெழுத்து எஞ்சுவதில்லை.

கையெழுத்து என்பது இங்கு வெறும் உவமை அன்று. மைசூர் மேசைகளில் செய்தவர் பெயர் பொறிக்கப்படுவது அரிது. அரண்மனையைக் கட்டிய இர்வினின் பெயர் நூல்தோறும் இருக்கிறது. ஈட்டியில் குழி வெட்டியவர்களின் பெயர் அவ்வாறு இல்லை. அவர்களை வேறுபடுத்தி அறிய மிஞ்சியிருப்பது யானையின் கண்ணை ஒருவர் கீறும் விதமும் இலை நரம்பை இன்னொருவர் வளைக்கும் விதமுமே. மண்டி மொகல்லா முதலிய பகுதிகளின் பட்டறைகளில் இக்கலை இன்றும் உயிரோடிருக்கிறது. தந்தத்தின் இடத்தைப் பலாவின் மஞ்சள் முதலாக மரங்களின் இயற்கை நிறங்கள் பிடித்துக்கொண்டன. ‘மைசூர் ஈட்டிமரப் பதிப்பு’ புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. ஆளின் பெயரைக் காக்கும் பொறுப்பு அதற்கில்லை.

ஆகவே விலை கூறுவதும் மதிப்பிடுவதும் வெவ்வேறு தொழில்கள் என்பதை ஏற்பதே முதற்படி. விற்பனைக்கு அப்பாற்பட்ட மேசைகளை, உரிமையாளரின் சட்டநிலைக்கு ஊறு நேராவண்ணம், அளவு, இணைப்பு முறை, வாள்தடம், பதிப்புப் பொருள், கீற்றின் பாணி ஆகியவற்றோடு படமெடுத்து ஆவணமாக்குவது இரண்டாம் படி. மரவியல், கலைவரலாறு, மொழியியல் மூன்றும் கூடிச் செய்யவேண்டிய பணி இது. பட்டறைகளில் இன்றும் வழங்கும் கருவிப் பெயர்களும் உருவப் பெயர்களும் இப்பட்டியலில் இடம்பெறவேண்டும். அவற்றைச் சொல்லத் தெரிந்த முதிய கைவினைஞர்கள் இருக்கும் வரை பெயரற்ற மேசைகள் சிலவற்றுக்கேனும் பெயர் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.